36 பாரில் வழி தவறிய மூவர்: ஒரு ஜாஸ் பியானோ டிரியோவின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ் என்று மூன்றே கருவிகள். பழைய பாடல்களை மட்டுமே வாசிப்பது என்று முடிவெடுத்துக் கூடிய ஒரு ஜாஸ் குழுவின் ஒன்பது மாத அனுபவம் இது. மூவரின் பெயரையும் இங்கே சொல்லவில்லை. அவர்களுடைய ஒத்திகைகளையும் கச்சேரிகளையும் ஒலிப்பதிவு செய்து, திரும்பக் கேட்டுக் குறிப்பெடுத்துக் கொடுப்பது என் பொறுப்பாக இருந்தது. அந்தக் குறிப்புகளை வைத்தே எழுதுகிறேன்.

பியானோ வாசிப்பவர் சிறு வயது முதல் மேற்கத்திய செவ்வியல் இசை பயின்றவர். ஜாஸுக்கு வந்து ஐந்தாறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. டிரம்மர் மூவரில் மூத்தவர். பாடகர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தே வளர்ந்தவர். பாஸ் வாசித்த இளைஞர் எந்தத் தாளை நீட்டினாலும் உடனே வாசித்துவிடுவார். புகழ்பெற்ற இசைத்தட்டுகள் பல அவருக்கு மனப்பாடம்.

ஜாஸில் 'ஸ்டாண்டர்ட்ஸ்' என்று சொல்லப்படும் பாடல்களில் பெரும்பாலானவை 1920களிலிருந்து 1950கள் வரை அமெரிக்க இசை நாடகங்களுக்கும் படங்களுக்கும் எழுதப்பட்டவை. 32 பார் கொண்டவையே அதிகம். பார் என்பது பொதுவாக நான்கு அடி கொண்ட ஒரு தாள அலகு. எட்டு எட்டாக நான்கு பகுதிகள். முதலில் மெட்டை ஒரு சுற்று வாசிப்பார்கள். பிறகு மெட்டை விட்டுவிட்டு, அதே கார்டுகளின் (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) வரிசையில் சுற்றுக்குப்பின் சுற்றாக மனோதர்மம். கடைசியில் மீண்டும் மெட்டு. நடுவில் மெட்டு யாருடைய கையிலும் இருக்காது. ஆனால் அது இப்போது எந்த இடத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்பது மூவர் காதிலும் இருந்தாக வேண்டும். இந்த ஆய்வு முழுவதும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே போகிறது.

மூவருக்கும் மூன்று முன்மாதிரிகள் இருந்தன. பியானிஸ்டுக்குப் பில் எவான்ஸ். ஸ்காட் லஃபாரோ (பாஸ்), பால் மோஷன் (டிரம்ஸ்) இருவரோடும் 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு கிளப்பில் எவான்ஸ் வாசித்த பதிவில் பாஸ் அடிக்கு ஒரு ஸ்வரம் என்று நடப்பதை விட்டுவிட்டுப் பியானோவுக்குப் பதில் சொல்லத் தொடங்குகிறது. அதற்குப் பதினோரு நாள் கழித்து 25 வயது லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். டிரம்மருக்கு அஹ்மத் ஜமால்தான் எல்லாம்: 1958 ஜனவரியில் சிகாகோவின் பெர்ஷிங் லவுஞ்சில், இஸ்ரேல் கிராஸ்பியும் வெர்னல் ஃபோர்னியரும் உடன் வாசிக்க, பியானோவை வேண்டுமென்றே வாசிக்காமல் விட்டு இடம் திறந்து வைத்த ஜமால். பாஸிஸ்ட் விரும்பியது கீத் ஜாரெட் (பியானோ), கேரி பீகாக் (பாஸ்), ஜாக் டிஜானெட் (டிரம்ஸ்) மூவரும் 1983இல் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய குழுவை.

மூன்றும் நல்ல முன்மாதிரிகளே. ஆனால் பழைய பாட்டை எப்படி அணுகுவது என்ற கேள்விக்கு மூன்றும் வெவ்வேறு பதில் தருபவை. அதைப் பற்றி மூவரும் உட்கார்ந்து ஒரு நாளும் பேசியதில்லை.

முதல் கச்சேரி

மூன்று மாத ஒத்திகைக்குப் பிறகு ஒரு சிறிய அரங்கில் முதல் கச்சேரி. எட்டுப் பாடல்கள். ஐந்தாவதாக வந்தது, ஜெரோம் கெர்ன் 1939இல் இசையமைத்து ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன் வரிகள் எழுதிய 'ஆல் தி திங்ஸ் யூ ஆர்'. ஜாஸ் கலைஞர்கள் மிக அதிகமாக வாசிக்கும் பாடல்களில் ஒன்று. அது 32 பார் பாட்டு இல்லை. கடைசிப் பகுதி எட்டுக்குப் பதிலாகப் பன்னிரண்டு பார் நீள்வதால் மொத்தம் 36.

பியானோ மனோதர்மமும் பாஸ் தனியும் முடிந்த பிறகு, நாலு பார் பியானோ, நாலு பார் டிரம்ஸ் என்று மாற்றி மாற்றி ஒரு சுற்று வாசித்து மெட்டுக்குத் திரும்புவது ஏற்பாடு. 32 பார் பாட்டில் இந்த நாலுக்கு நாலு எட்டு முறை வரும். பியானோ தொடங்கினால் டிரம்ஸில் முடியும். 36 பாரில் ஒன்பது முறை வரும், பியானோவிலேயே முடியும். டிரம்மர் தன் நான்காவது முறையை முடித்தது 32ஆவது பாரில். பியானிஸ்டின் கை, டிரம்ஸ் ஓய்ந்தால் சுற்று முடிந்தது என்றே பழகியிருந்தது. நான்கு பார் முன்னதாகவே அவர் மெட்டை எடுத்துவிட்டார்.

பாஸிஸ்ட் சரியாக 33ஆவது பாரில் இருந்தார். எஃப், பி ஃப்ளாட் என்பவை மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள்; மேஜர், மைனர் என்பவை கார்டின் வகைகள். பியானோ முதல் பாரின் எஃப் மைனர் கார்டில் நிற்க, பாஸ் பி ஃப்ளாட் மைனரில் இறங்கியது. அடுத்து பியானோ பி ஃப்ளாட் மைனருக்கு வந்தபோது பாஸ் இ ஃப்ளாட்டில். முதல் நான்கு பாரும் கடைசி நான்கு பாரும் ஏறக்குறைய ஒரே வழியில் போகிற கார்டுகள் என்பதால், பாஸ் ஒரே ஒரு பார் முந்திவிட்டது போலத்தான் கேட்டது. உராய்வு இருந்தது, ஆனால் ஜாஸ் காதுக்குப் பழகிய உராய்வு. நான்காவது பாரில் இருவரும் ஏ ஃப்ளாட் மேஜரில் சந்தித்தார்கள். சரியாகிவிட்டது என்று இருவரும் நினைத்திருக்க வேண்டும். பதிவில் அந்த இடத்தில் இருவர் வாசிப்பிலும் ஒரு தெம்பு தெரிகிறது.

ஐந்தாவது பாரில் பியானோ டி ஃப்ளாட் மேஜருக்குப் போனது. பாஸ் தன் கணக்குப்படி சுற்றின் தொடக்கமான எஃப் மைனருக்குப் போனது. இரண்டுக்கும் மூன்று ஸ்வரங்கள் பொது. அப்போதும் வெளியே தெரியவில்லை. ஆறாவது பாரில் உடைந்தது. மெட்டின் பி ஸ்வரத்துக்குக் கீழே பாஸ் பி ஃப்ளாட்டில் கனமாக நின்றது. அரங்கில் இசை தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்ததைப் பார்த்தேன். அடுத்த பாரில் பாஸிஸ்ட் தன் எண்ணிக்கையைக் கைவிட்டு பியானோவோடு சேர்ந்துகொண்டார். டிரம்மர் மட்டும் உண்மையான சுற்றிலேயே, நான்கு பார் பின்னால், தனியாகப் போய்க்கொண்டிருந்தார். நடுப்பகுதி தொடங்கும் இடத்தில்தான் மூவரும் ஒன்றானார்கள்.

கச்சேரி முடிந்ததும் "எண்ணிக்கை தப்பிப்போச்சு, அவ்வளவுதான்" என்றார் பியானிஸ்ட். டிரம்மர் எதுவும் சொல்லாமல் சிம்பல்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

பதிவு சொன்னது

எண்ணிக்கைப் பிழைதான் என்று நானும் முதலில் நினைத்தேன். மறுநாள் பாட்டை ஆரம்பத்திலிருந்து கேட்டேன். பியானோ மனோதர்மம் நான்கு சுற்று. நான்கிலும் 32ஆவது பாரோடு பியானிஸ்டின் வாக்கியம் முடிந்துவிடுகிறது. 33 முதல் 36 வரை ஒவ்வொரு முறையும் வலது கை ஓய்கிறது, அல்லது பொருளற்ற ஒரு ஸ்கேல் ஓட்டம் ஓடி இடத்தை நிரப்புகிறது. அந்த நான்கு பார் அவருடைய காதில் என்றுமே பாட்டின் பகுதியாக இருந்ததில்லை. தாளில் இருந்தது, அதனால் கடந்து வந்தார்.

உண்மையில் அந்தப் பாட்டின் உச்சமே கடைசிப் பன்னிரண்டு பாரில்தான் இருக்கிறது. வரிகளில் வாக்கியம் முடிவதும் அங்கேதான். பாடிப் பார்த்த ஒருவருக்கு அதை எட்டு பாரில் முடிக்கத் தோன்றாது. கார்டு மட்டும் பார்த்தவருக்கோ அது வால் போன்ற ஒரு நீட்சி.

மற்றப் பாடல்களையும் இதே கண்ணோடு கேட்டேன். எட்டில் ஏழு பாடல்களுக்கு ஒரே அமைப்பு: மெட்டு, பியானோ, பாஸ் தனி, நாலுக்கு நாலு, மெட்டு. பாஸ் தனி வந்ததும் மற்ற இருவரும் கையை எடுத்துவிடுகிறார்கள்; பார்வையாளர்கள் பேசத் தொடங்குவது ஒலிவாங்கியில் தெளிவாக விழுந்திருந்தது. பியானிஸ்டின் இடது கை கார்டின் ஆதார ஸ்வரத்தைக் கீழே அழுத்தமாக வாசிப்பதால், பாஸுக்கு அதையே இரட்டிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. எவான்ஸ் இடது கையில் ஆதார ஸ்வரத்தை விட்டுவிடுவார். லஃபாரோவுக்கு அந்தச் சுதந்திரம் கிடைத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. நம் பியானிஸ்ட் எவான்ஸின் வலது கையை விரும்பினார். இடது கையைக் கவனிக்கவில்லை.

இன்னொன்றும் கண்டேன், அதைச் சொல்லத் தயக்கமாக இருந்தது. இரண்டு பாடல்களின் முன்னுரையும் முடிவும் பிரபலமான இசைத்தட்டுகளில் உள்ளவை, ஸ்வரம் பிசகாமல். கெர்ன் எழுதிய பாட்டை அவர்கள் வாசிக்கவில்லை. அதை யாரோ ஒருவர் ஒரு நாள் வாசித்த விதத்தை வாசித்தார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஒரு வாரம் கழித்து நால்வரும் உட்கார்ந்து பதிவைக் கேட்டோம். ஆறாவது பாரின் உராய்வை மூன்று முறை போட்டோம். அதன் பிறகு நான் எதையும் நிறுவ வேண்டிய தேவை இருக்கவில்லை.

முதல் முடிவு, பாடல்களைக் குறைப்பது. எட்டுக்கு நான்கு. பாடல்கள் குறைந்தால் நிகழ்ச்சி வறண்டுபோகும் என்று பாஸிஸ்ட் கவலைப்பட்டார். ஒரு பாட்டைத் தெரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும் என்பதே தெரியாத நிலையில் எட்டை வைத்திருப்பதில் அர்த்தமில்லை என்றார் டிரம்மர். அவர் பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் பட்டது.

இரண்டாவது, ஒத்திகையில் கருவியைத் தொடுவதற்கு முன்பு மூவரும் மெட்டை வரிகளோடு பாட வேண்டும். இது டிரம்மரின் யோசனை. பாடகர்களோடு இருந்தவருக்கு இது இயல்பு. பியானிஸ்டுக்கு மிகுந்த கூச்சம். முதல் இரண்டு ஒத்திகைகளில் உதடு மட்டும் அசைந்தது.

மூன்றாவது, இடது கையில் ஆதார ஸ்வரம் கிடையாது. நான்காவது, தனி வாசிப்பின் வரிசையை முன்கூட்டி முடிவு செய்வதில்லை. ஒரு பாட்டில் பாஸ் தனி தேவையில்லை என்றால் இல்லை.

ஐந்தாவது முடிவுக்கு நானே பொறுப்பு. ஆறு வாரத்துக்கு அந்த நான்கு பாடல்களின் எந்த இசைத்தட்டையும் கேட்கக் கூடாது, அச்சான மூல இசைத்தாளை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். நகல் எடுக்கும் பழக்கத்தை அறுக்க அதுவே வழி என்று உறுதியாக நம்பினேன்.

ஒத்திகை மாதங்கள்

பாடத் தொடங்கியதன் பலன் நான் எதிர்பார்த்ததைவிட விரைவில் வந்தது. மூன்றாவது ஒத்திகையில் பியானிஸ்ட் பாடிக்கொண்டே இருந்தவர் நிறுத்தி, ஒவ்வொரு கார்டிலும் மெட்டு எங்கே நிற்கிறது என்று தாளில் வட்டமிட்டார். எஃப் மைனரில் ஏ ஃப்ளாட். பி ஃப்ளாட் மைனரில் டி ஃப்ளாட். இ ஃப்ளாட்டில் ஜி. ஏ ஃப்ளாட்டில் சி. டி ஃப்ளாட்டில் எஃப். ஜியில் பி. எல்லாம் அந்தந்தக் கார்டின் மூன்றாவது ஸ்வரம். கார்டு மேஜரா மைனரா என்று முடிவு செய்வதே மூன்றாவது ஸ்வரம்தான். அப்படியானால் இந்த மெட்டை மட்டும் பாடினாலே கார்டுகள் பாதி கேட்டுவிடும். ஐந்தாறு ஆண்டாக இந்தப் பாட்டை வாசிக்கிறேன், இன்றுதான் பார்க்கிறேன் என்று அவர் சொன்னபோது குரல் மாறியிருந்தது. அன்று பாஸிஸ்ட் கார்டே இல்லாமல், மெட்டு மட்டும் பியானோவில் ஒற்றை விரலில் ஒலிக்க, கீழே தனக்குத் தோன்றியதை வாசித்துப் பார்த்தார். அந்தப் பதிவை இன்றும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

நான் போட்ட தடை பலிக்கவில்லை. மூன்றாவது வாரத்தில் ஸ்விங் (அடிகளைச் சற்றே தள்ளி, சாய்த்து வாசிக்கும் ஜாஸ் நடை) கெட்டியாகிவிட்டது. ஸ்வரங்கள் சரி, காலப்பிரமாணம் சரி, ஆனால் ரைடு சிம்பலுக்கும் பாஸுக்கும் நடுவே இருந்த அந்த இழைவு இல்லை. டிரம்மர் நேராகவே சொன்னார்: "இந்த இசையில பாதி தாளில் எழுத முடியாதது. அதை காதால்தான் வாங்கணும். நீங்க காதை மூடச் சொல்லிட்டீங்க." அவர் சொன்னது முற்றிலும் சரி. மூல இசைத்தாள் மெட்டைத் தரும். அடியை எவ்வளவு தள்ளி வைப்பது, எங்கே சாய்வது என்பதை அது தராது. தடையை நீக்கினோம். அதற்குப் பதிலாக ஒரு பாட்டுக்கு ஆறு பதிவுகளுக்குக் குறையாமல் கேட்பது, அவற்றில் இரண்டு பாடகர்களுடையதாக இருப்பது என்று வைத்துக்கொண்டோம். ஒரே பதிவைக் கேட்டால்தான் நகல் வருகிறது. ஆறைக் கேட்டால் அவற்றுக்கு நடுவே பாட்டு தென்படத் தொடங்குகிறது.

இன்னொரு சோதனையும் தோற்றது. ஜோசஃப் கோஸ்மா 1945இல் இசையமைத்த பிரெஞ்சுப் பாட்டு, ஆங்கிலத்தில் 'ஆட்டம் லீவ்ஸ்' என்று உலகம் சுற்றியது. அதை ஐந்தடித் தாளத்துக்கு மாற்றினார் பாஸிஸ்ட். கேட்கப் புதிதாக இருந்தது, மூவருக்கும் உற்சாகம். இரண்டு வாரம் கழித்துக் கேட்டபோது குறை தெரிந்தது. அந்த மெட்டு மூன்று ஸ்வரம் ஏறி, நான்காவதில் நீளமாக நிற்கும். மீண்டும் மூன்று ஏறி, மீண்டும் நிற்கும். நிற்கும் இடம் மற்றவர் பேசுவதற்கு உள்ள இடம். எவான்ஸ் குழுவின் 1959 பதிவில் மூவரும் ஒருவரையொருவர் தொடர்வது அந்தப் பாட்டுக்கு இவ்வளவு இயல்பாகப் பொருந்துவதற்கு இந்த இடைவெளிகளும் காரணம் என்று நினைக்கிறேன். ஐந்தடியில் அடுத்த ஏற்றம் எங்கே வரும் என்று எண்ணுவதிலேயே மூவரும் மூழ்கி, இடைவெளியை எண்ணிக்கையால் நிரப்பிவிட்டார்கள். ஐந்தடி தவறு என்று சொல்லமாட்டேன். அது கைவந்த குழுக்கள் உண்டு. இந்த மூவருக்கு அது அன்று மெட்டை மறைத்தது. பாஸிஸ்ட் வருத்தத்தோடுதான் நாலடிக்குத் திரும்பினார்.

இரண்டாவது கச்சேரி

முதல் கச்சேரிக்கு ஐந்து மாதம் கழித்து, அதே அரங்கு. நான்கு பாடல்கள், ஒவ்வொன்றும் முன்பைவிட நீளம்.

கெர்னின் பாட்டில் நாலுக்கு நாலை எடுத்துவிடலாம் என்று பியானிஸ்ட் ஒரு கட்டத்தில் சொல்லியிருந்தார். டிரம்மர் மறுத்துவிட்டார். ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று வைத்தார்கள். ஒன்பது ஒற்றைப்படை என்பதால் முதல் சுற்று பியானோவில் முடியும், இரண்டாம் சுற்றை டிரம்ஸ் தொடங்கும். முன்பு காலை வாரிய கணக்கையே வசதியாக்கிக்கொண்டார்கள். அன்று 33ஆவது பாரில் பியானிஸ்ட் மெட்டின் கடைசி வரியை ஏறக்குறைய அப்படியே வாசித்தார். உடனே டிரம்மர் குச்சிகளை வைத்துவிட்டு பிரஷ்ஷை எடுத்து, ஸ்னேர் டிரம்மில் மெட்டின் தாளநடையை மட்டும் தேய்த்தார்: ஒரு நீளம், ஒரு நீளம், ஒரு குறில், பிறகு நான்கு சமமான தட்டல். ஸ்வரமே இல்லாத கருவியில் பாட்டு கேட்டது. பாஸிஸ்ட் வாசிக்காமல் சிரித்துக்கொண்டு நின்றார். முன்வரிசையில் ஒருவர் தணிந்த குரலில் மெட்டை முனகியது பதிவில் இருக்கிறது.

எல்லாம் இப்படி அமையவில்லை. 'பாடி அண்ட் சோல்' விழுந்தது. 1930ஆம் ஆண்டுப் பாட்டு. கோல்மன் ஹாக்கின்ஸ் 1939 அக்டோபரில் மெட்டைத் தொட்டும் தொடாமலும் இரண்டே சுற்று வாசித்து, அதன் பின் வந்த சாக்ஸபோன்காரர்கள் எல்லாருக்கும் பாடமாக்கிய பாட்டு. அந்தப் பெருமையே பியானிஸ்டை அழுத்திவிட்டது. மிக மெதுவாக எடுத்தார். ஒவ்வொரு கார்டையும் கண்ணாடிப் பாத்திரம் போல வைத்தார். நடுப்பகுதி அரை ஸ்வரம் மேலே தாவும் இடத்தில் ஒரு வெளிச்சம் வர வேண்டும், வரவில்லை. நாற்காலிகள் கிறீச்சிட்டன. மெட்டைத் தெரிந்துகொள்வது ஒரு வேலை, அதை நம்பித் தளர்வாகப் பிடிப்பது வேறு வேலை என்பதை நான் அன்றுதான் தனியாகக் குறித்துக்கொண்டேன்.

பிறகு நடந்தவை

ஒரு மாதத்தில் பாஸிஸ்ட் வேறொரு பெரிய குழுவுக்குப் போனார். மனக்கசப்பு எதுவும் இல்லை. புதியவர் வந்த முதல் நாள், தாள் எங்கே என்று கேட்டார். பியானிஸ்ட் தாளைக் கொடுக்காமல் பாடத் தொடங்கினார். கூச்சம் முழுதும் போயிருந்தது என்று சொல்ல முடியாது, குரல் நடுங்கியது. இரண்டாம் சுற்றில் புதியவரும் சேர்ந்துகொண்டார். ஆனால் முறை கைமாறிய அளவுக்கு வாசிப்பு கைமாறவில்லை. முன்னவரோடு இருந்த உரையாடல் இவரோடு வர மூன்று மாதம் போதாது. இவர் அடிக்கு ஒரு ஸ்வரமாக நடக்கவே விரும்புபவர், அதை அழகாகவும் செய்பவர். அதற்கேற்பப் பியானிஸ்ட் இப்போது ஜமாலின் பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மீண்டும் செய்தால்

டிரம்மரை முதலிலேயே கேட்டிருப்பேன். பழைய பதிவுகளைப் புரட்டியபோது, முதல் கச்சேரிக்கு ஆறு வாரம் முன்பான ஒத்திகையில் அவர் சொன்னது கிடைத்தது: "அந்தக் கடைசி நாலு பாருக்கு நாம யாருமே எதுவும் செய்யலையே." பாஸிஸ்ட் அடுத்த பாட்டின் பெயரைச் சொல்கிறார், பேச்சு நகர்ந்துவிடுகிறது. அன்று நானும் அங்கேதான் இருந்தேன், ஒலியளவைச் சரிசெய்துகொண்டு. கருவிகள் ஒலிப்பதை மட்டும் குறித்துக்கொண்டேன், பேச்சைக் குறிக்கவில்லை. இப்போது ஒத்திகைப் பேச்சையும் எழுதி வைக்கிறேன்.

இசைத்தட்டுத் தடையை விதிக்கமாட்டேன். மெதுவான பாட்டைக் கடைசியில் ஒத்திகைக்கு எடுக்காமல் முதலிலேயே எடுப்பேன். நேரம் மிஞ்சியதைத்தான் அதற்குக் கொடுத்தோம், மொத்தம் நான்கு ஒத்திகை. ஒலிவாங்கி ஒன்றைக் கடைசி வரிசையில் வைப்பேன். பாஸ் தனியின்போது எழுந்த பேச்சு தற்செயலாகத்தான் மேடை ஒலிவாங்கியில் விழுந்தது. பின்வரிசையில் என்ன கேட்டது என்பதற்கு என்னிடம் பதிவே இல்லை.

'பாடி அண்ட் சோல்' இன்னும் பட்டியலில் சேரவில்லை. போன ஒத்திகையின் முடிவில், டிரம்மர் உறைகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது, பியானிஸ்ட் அதை ஒரு சுற்று, முன்னைவிடச் சற்று வேகமாக, முணுமுணுத்தபடி வாசித்தார். நடுப்பகுதி வந்ததும் டிரம்மர் கட்டுவதை நிறுத்திவிட்டு மறுபடி உட்கார்ந்தார். பதிவுக் கருவியை நான் அணைத்துவிட்டிருந்தேன்.